அவர் பக்கத்துப் பேச்சு

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போன பிறகு, அவள் கணவரின் பேச்சு முழுக்க மடிக்கணினியில்தான். தட்டிவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்புவார். அவள் வாயால் பதில் சொல்வாள். குரல் போயும் குசும்பு போகவில்லை. ‘உப்பு போட மறந்துட்டியா, இல்ல டாக்டர் உன்கிட்ட ரகசியமா சொன்னாரா?’ என்று தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கூரையைப் பார்ப்பார். எல்லாம் திரையில் திறந்த ஒரே ஜன்னலில், ஒன்றின்கீழ் ஒன்றாக. ஒருநாளும் சேமித்ததில்லை. ‘பேசினதை யாராவது எடுத்து வைப்பாங்களா?’ என்று அதையும் தட்டித்தான் சொன்னார்.

அவர் இறந்த பிறகும் அவள் அந்தக் கணினியை அணைக்கவில்லை. அணைத்தால் அவர் பேச்சும் போய்விடுமே. இன்றைக்குத்தான் மனதைத் தேற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அழகாக அமைத்து அச்செடுக்கலாமென்று உட்கார்ந்தாள். டி.டி.பி. கடையில் அவள் வருஷக்கணக்காகச் செய்யும் வேலை. ஒருவர் விஷயம் இன்னொருவருடையதோடு கலந்துவிடக் கூடாதென்று அங்கே ஒரு வழக்கம்: மொத்தத்தையும் வெட்டு, பழைய ஜன்னலை மூடு, புதிய பக்கத்தில் ஒட்டு. யோசிப்பதற்குள் கை செய்து முடித்துவிட்டது.

ஒட்டினாள். எதுவும் வரவில்லை. மறுபடியும் ஒட்டினாள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அண்ணனுக்கு அந்தக் கணினியைத் தயார் செய்து கொடுத்தவன் அவன்தான்.

“உங்க கடை மெஷின்ல வெட்டினது தனியா ஒரு இடத்துல தங்கும் அண்ணி, ஜன்னலை மூடினாலும் இருக்கும். அண்ணனோடது வேற சிஸ்டம். வெட்டினதை அந்த ஜன்னலேதான் கையில வச்சிருக்கும். நாம ஒட்டும்போதுதான் எடுத்துக் கொடுக்கும்.”

“மூடிட்டேனே.”

போனைக் காதில் வைத்துக்கொண்டே இன்னொருமுறை ஒட்டிப் பார்த்தாள்.

“சேமிக்கவான்னு அது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“எல்லாத்தையும் வெட்டிட்டீங்களே அண்ணி. காலி பக்கத்துக்கு எதைச் சேமிக்கன்னு கேக்கும்?”

ஊராருக்கெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்த கை, சொந்த வீட்டில் இப்படிச் செய்துவிட்டது. அழுதாள். பிறகு நினைவிலிருந்து உப்பு வரியைத் தட்டிப் பார்த்தாள். ‘ரகசியமா’ என்றாரா, ‘தனியா’ என்றாரா? படித்தால், அவர் அல்ல, அவளே பேசுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டாள்.

அவளிடம் மிச்சமிருந்தது அவள் சொன்ன பதில்கள்தான். அவற்றை அவள் தட்டியதே இல்லை.

மேசைமேல் கணினியைத் தள்ளி, அவர் நாற்காலியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். எதிரே தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“மறக்கலைங்க, டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன்” என்றாள்.

சொல்லிவிட்டு, திரை தன் பக்கம் திரும்பக் காத்திருந்தாள்.