தேனுகாவின் முகம்

தர்மபுரத்தில் ராக்காயி வீட்டு முற்றம் நிறையக் கச்சான் கடலை குவிந்து கிடந்தது. பிடுங்கிய செடியை உதறி மண்ணை உதிர்த்துக் காய்களை ஆய்ந்து ஓலைக் கடகத்தில் போடவேண்டும். மற்றப் பெண்களின் கைகள் தாமாகவே இயங்கின. சுதாஜினியின் நகக்கண்களிலோ மண் ஏறி வீங்கியிருந்தது. மடியில் கிடந்த தொலைபேசியை அவள் அடிக்கடி திருப்பிப் பார்த்தாள்.

"என்னா புள்ள, போனப் பாத்தா காயி தானா ஆஞ்சிருமா?" என்றாள் ராக்காயி. "இன்னைக்கி நாடகத்துல ஒன் மூஞ்சிக் கட்ட அவுக்கப் போறானுக. நேத்தே டீவியில சொல்லிட்டான்."

சுதாஜினி இன்னொரு செடியை எடுத்து உதறினாள். அந்தக் கட்டு அவிழும் முன்னர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்பதற்காகத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து வயதில் தாயோடு படகேறி, தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில் வளர்ந்தவள் அவள். தொலைக்காட்சித் தொடர்களில் வேலைக்காரியாகவும் தாதியாகவும் மூலையில் நின்று நின்று, கடைசியில் தேனுகா என்ற மருமகள் வேடம் கிடைத்தது. முன்னரே தர்மபுரத்துக்குத் திரும்பியிருந்த தாய் தங்கம்மாவுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டதும், வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினாள். அகதியாய்ப் பதிந்தவள் அப்படி வெளியேறினால் திரும்பி நுழைவது லேசல்ல என்பதை அவள் அறியவில்லை. படப்பிடிப்பில் விடுப்புக் கேட்பதைப் போலவே அதையும் எண்ணிவிட்டாள்.

அவள் திரும்பி வரும்வரைக்கும் என்று தொடரில் தேனுகாவை ஒரு விபத்தில் சிக்கவைத்தார்கள். முகம் முழுவதும் கட்டுப்போட்டு, வேறொருத்தியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். இங்கே அவளுக்கு விசா மறுக்கப்பட்டது. மறுபடியும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள்.

தொலைபேசி அடித்தது. தொடரின் மேனேஜர்.

"சுதா, தப்பா நினைக்காதம்மா. எத்தனை நாளைக்குத்தான் கட்டோடவே படுக்கவைக்கிறது? சேனல்ல கத்துறாங்க."

"வந்துருவேன் சார். கொஞ்ச நாள்தான். கட்ட மட்டும் பிரிச்சிடாதீங்க சார்."

"பிரிச்சு ஷூட் பண்ணியாச்சும்மா."

"யார வச்சு சார்? சார்..."

தொடர்பு அறுந்திருந்தது.

"வந்துருவேனாம்! இந்தியாக்காரி கதைக்கிறதைக் கேளுங்கோ," என்று பக்கத்து வீட்டுத் தயாளினி சிரித்தாள்.

"எதுக்குடி இளிக்கிற? தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்த நாங்க பேசுனப்பவும் இந்த ஊரு இப்பிடித்தான் இளிச்சுது," என்றாள் ராக்காயி.

சென்னையிலும் சிரித்தார்கள். முதல் நாள் அவள் 'ஆமாம்' என்னாமல் 'ஓம்' என்றதற்குப் படப்பிடிப்புத் தளமே சிரித்தது. அந்த ஊர்ப் பேச்சை ஒவ்வொரு சொல்லாய்த் தேய்த்து அழித்தாள். அப்படியிருந்தும் அவள் குரலை ஒருநாளும் ஒலிபரப்பவில்லை. அவள் வாயசைத்தாள், ஒலிப்பதிவு அறையில் இன்னொருத்தி பேசினாள்.

மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வைத்தார்கள். தங்கம்மா வயிற்றைப் பொத்திப் பிடித்தபடி வந்து கதிரையில் அமர்ந்தாள். திரையில் டாக்டர் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். முதலில் நெற்றி தெரிந்தது. பிறகு கன்னம். கண் விழித்தவள் ஒரு புதிய பெண்.

"ஐயோ, ஆரிது?" என்றாள் தயாளினி.

புதியவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். தேனுகா வழக்கமாகச் சொல்லும் வசனத்தைச் சொன்னாள்:

"இது என் வீடு அத்தை. என்னை யாராலயும் வெளியே அனுப்ப முடியாது."

"குரல் மாறேல்லை! அப்ப அதே தேனுகாதான்," என்று தயாளினி ஆறுதலாய்ச் சாய்ந்தாள். "கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ. கேக்கட்டும்."

எல்லோரும் கச்சானை ஆய்ந்தபடியே பார்த்தார்கள். தங்கம்மா மட்டும் திரையை விட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். சுதாஜினியின் கையில் மண் உதிராத செடி ஒன்று இருந்தது. அவளுடைய உதடுகள், திரையில் ஒலித்த வசனத்துக்கு ஓர் அசைவும் பிசகாமல், சத்தமின்றித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.