சட்டை அளவு

இடது என்ஜின் செத்துவிட்டால் விமானம் இடப்பக்கமே இழுக்கும். வலது மிதியை விடாமல் அழுத்தித்தான் நேராக்க வேண்டும். இருபத்தெட்டு நிமிடம் அழுத்தினேன். கீழேயிருந்து எவனோ சுட்டதில் இறக்கை சல்லடையாகிவிட்டது. தொடையில் குண்டு பாய்ந்த துணை விமானி, "எண்ணெய் ஒழுகுது சார்" என்று முனகிக்கொண்டே இருந்தான். சக்கரமும் இறங்கவில்லை. ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்து இறக்கினேன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொள்வானாம்.

ஓய்வறையில் உட்கார்ந்த பிறகும் என் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். பின்னாலேயே மாப்பிள்ளை, அவள் கணவர். எங்கள் சரக்கு விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுப்பவர் அவர்தான். மற்றவர்கள் கொடுத்தால் வரைபடத்தை நாலு தடவை பார்ப்பேன். இவர் கொடுத்தால் பார்க்கவே மாட்டேன். வீட்டு மாப்பிள்ளையாயிற்றே!

"பையனுக்கு வயித்துவலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். இன்று துணை விமானியாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் அவர்கள் மகன்தான். வயிற்றுவலி என்று காலையில் கடைசி நேரத்தில் ஆள் மாறியது.

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். அந்தப் பக்கம் சுடறாங்களாம், போகாதேன்னு நேத்தே இவரு..."

வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

"உறுதியான தகவல் இல்ல மச்சான். சொன்னா நீங்க விமானத்தை எடுக்க மாட்டீங்க. சரக்கு நின்னா என் வேலை போயிடும். ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்படின்னா உங்க பையனை அனுப்பியிருக்கலாமே?"

அவரையாவது விடலாம், அவர் எப்போதுமே வேலைக்குப் பயந்தவர். இவள்? நேற்று சாயங்காலம் போன் செய்து என் சட்டை அளவு கேட்டாள். பிறந்தநாளுக்கு எடுக்கப்போகிறாளாம். கால் மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். இதை மட்டும் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரி கையில் காகிதங்களோடு உள்ளே வந்தார். "கேப்டன், அந்த வழியில ஆபத்துன்னு முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா?"

தங்கை என் கையை இறுகப் பிடித்தாள். "அண்ணா..." சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு இப்படித்தான் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் பழியை நான் ஏற்றுக்கொண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

கையை விடுவித்துக்கொண்டேன்.

"எழுதிக்குங்க சார். என் வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."