சிவப்பு வென்ற ஞாயிற்றுக்கிழமை

முல்லைத்தீவுக் கரையில் சனி இரவு நடக்கும் உதைபந்தாட்டம் ஞாயிறு பின்னேரம்தான் நடக்கும். உலகத்துக்கு அது முடிந்த ஆட்டமாக இருந்துவிட்டுப் போகட்டும், கரைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஐரோப்பாவில் பந்து உருளும் நேரத்தில் இங்கே ஆம்பிளைகள் எல்லாரும் கடலில் நிற்பார்கள். விடிய வந்து, மீனை இறக்கி, பூசைக்குப் போய், வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்ட பிறகுதான் மீனவர் சங்கக் கட்டடத்தில் ஆட்டம் தொடங்கலாம்.

தொடக்கி வைப்பவன் ஸ்ரீபன். சந்தியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன். தன் வீட்டு டிஷ் பெட்டியில் ஆட்டத்தைப் பதிந்து, விளம்பரங்களை வெட்டி எறிந்து, சங்கத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவான். காட்டி முடிந்த கையோடு ‘கரைச் சிவப்பு’ என்ற வாட்ஸப் குழுவில் அதன் லிங்க் ஏறும். பூவரசங்குளத்தில் வயல் செய்பவனும் கட்டாரில் கட்டடம் கட்டுபவனும் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள். கரை கொண்டாடும் ஐரோப்பியக் கழகத்தின் உண்மையான பெயர் ஒருவர் வாயிலும் ஒழுங்காக நுழையாது. சட்டை சிவப்பு, அது போதும்.

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. போன வருசம் ஒரு வாய் பொறுக்காதவன் பூசை நடக்கும்போதே முடிவை உளறிவிட்டான், கோயில் வாசலில் சட்டை கிழிந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார்கள்: சங்கத்தில் படம் ஓடும்வரை முடிவைப் பாரோம், கேளோம், சொல்லோம். சனி பின்னேரமே குழுவுக்குப் பூட்டு விழும். ஆளுக்கொரு ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, உலகமே அறிந்ததை அறியாமல் இருப்பதென்றால் சும்மாவா? பெரிய தவம்தான். செய்தவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

முடிவு தெரிந்த ஒரே ஆள் ஸ்ரீபன் என்பதால் அவன் பாடு திண்டாட்டம். பூசைக்கு வந்தால் சனம் பீடத்தைப் பார்க்காது, இவன் முகத்தைப் பார்க்கும். கடைசியில் கொரோனாக் காலத்து முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லிச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது.

முடிந்துபோன ஆட்டத்துக்குச் செபிக்கலாமா என்று புதிதாக வந்த பங்குத்தந்தைக்கு முதலில் ஒரு சங்கடம். “ஆண்டவருக்கு நேற்று இண்டைக்கு எண்டெல்லாம் இல்லை, ஃபாதர்” என்று றொனால்ட் சம்மாட்டியார் விளக்கினார். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர் வேதம் சொன்னால் ஃபாதர் மறுக்க முடியுமா? அவரும் சிவப்புக்கு மெழுகுதிரி கொளுத்த அனுமதித்தார். நாளடைவில் அவருக்கே சிவப்பு பிடித்துப்போனது.

இந்த றொனால்டின் மகள்தான் கம்சா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளும் ஸ்ரீபனும் விரும்புவது கரை முழுக்கத் தெரியும். ஸ்ரீபனின் தாய் புனிதம் நடையாய் நடந்து பெண் கேட்டுவிட்டாள். றொனால்ட் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடலில் கால் நனைக்காதவனுக்குப் பெண்ணைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஆனால் அதை வெளியே சொன்னால், ஞாயிறு பின்னேரம் படம் போட ஆளில்லாமல் போய்விடும்.

இறுதியாட்டம் வந்தது. மறுநாள் பூசை முடிய ஃபாதர் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். “றொனால்ட், இந்தப் பிள்ளையளின்ர விசயத்துக்கு என்ன முடிவு?”

றொனால்ட் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அந்தோனியாருக்கு முன்னால் போய் நின்று, கையை விரித்து, ஊர் கேட்கச் சொன்னார். “நான் முடிவெடுக்கேல்லை, ஃபாதர். அந்தோனியாரே எடுக்கட்டும். இண்டைக்குச் சிவப்பு வெண்டால் கம்சா ஸ்ரீபனுக்கு. தோத்தால் இந்தக் கதையை இதோட விட்டிடோணும்.”

சனம் ஆரவாரித்தது. புனிதம் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து செபிக்கத் தொடங்கினாள். முகக்கவசத்துக்குள் ஸ்ரீபனுக்கு மூச்சு முட்டியது. சிவப்பு தோற்றுவிட்டது. தொண்ணூறு நிமிசமும் ஒரு கோலால் முன்னுக்கு நின்றுவிட்டு, கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் ஒன்றை வாங்கி, பெனால்ட்டியில் கவிழ்ந்துபோனது. தாய் கண்ணை மூடிச் செபிப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. அந்தோனியாரும் இனி என்னதான் செய்வார், பாவம்.

கடைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு இருந்தபோது கம்சாவின் செய்தி வந்தது. “அப்பா விடியவே வள்ளத்தில வைச்சு முடிவைப் பாத்திட்டார். சார்ஜ் போடத் தந்த ஃபோனில அந்தப் பக்கம் இன்னும் திறந்து கிடக்குது. தோத்தது தெரிஞ்சுதான் நேர்த்தி வைச்சவர். இனி உங்கட கெட்டித்தனம்.”

ஸ்ரீபன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். அழுகை எங்கே போனதோ தெரியாது, உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. அந்தோனியாரை வைத்தே அவனை வெட்டிவிட்டாரே மனுசன். வெட்டுவதென்றால் அவனுக்கும் தெரியும். கணினியைத் திறந்தான். தொண்ணூறாவது நிமிசத்தில் ஆட்டத்தை நறுக்கினான். இடைவேளைக்கு ஊதிய விசிலைக் கொண்டுவந்து அங்கே ஒட்டினான். முதல் கோலுக்குச் சிவப்புச் சட்டைகள் கட்டிப்பிடித்துக் குதித்த காட்சியை அதற்குப் பின்னால் தைத்தான். மூலையில் ஓடும் மணிக்கூட்டுக்கு மேல் குழுவின் சின்னத்தைப் பெரிதாகப் போட்டு மறைத்தான். கோப்பை கொடுக்கும் கட்டத்துக்கு என்ன செய்வது? அந்த நேரம் கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம். வன்னியில் அதை நம்பாதவன் யார்?

பின்னேரம் சங்கக் கட்டடம் நிரம்பி வழிந்தது. றொனால்ட் முன்வரிசைக் கதிரையில், பக்கத்தில் ஃபாதர். புனிதம் செபமாலையோடு சுவர் ஓரமாக. கம்சா பெண்களுக்கு நடுவில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

ஆட்டம் ஓடியது. சிவப்பு கோல் அடித்தது. வழமையாகக் கூரை பறக்கும் இடம் அது. அன்றைக்கு நாலு பேர் கை தட்டினார்கள், அதுவும் செத்த வீட்டில் தட்டியதுபோல. ஸ்ரீபன் திரையை விட்டுவிட்டுச் சனத்தைப் பார்த்தான். ஒருவன் பெருமூச்சு விட்டான். இன்னொருவன் கடைசி நிமிசங்கள் வருமுன்னமே தலையில் கையை வைத்துவிட்டான். ஃபாதரின் முகத்தில் அடக்கம் செய்யும் பூசையின் களை. அட பாவிகளே, எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சத்தியம் செய்த அத்தனை பேரும் வள்ளத்திலும் கழிப்பறையிலும் ஒளித்து நின்று பார்த்துவிட்டுத்தான் வந்து குந்தியிருக்கிறார்கள். ஒரு வாய் திறந்தால் போதும், அவன் கதை முடிந்தது.

விசில் ஊதியது. சிவப்புச் சட்டைகள் கட்டிப்பிடித்துக் குதித்தன. திரை கறுத்தது.

“இதில கரண்ட் போயிட்டுது” என்றான் ஸ்ரீபன்.

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவர் கூரையைப் பார்த்தார். முதலில் வாய் திறந்தவள் புனிதம். உண்மையிலேயே ஒன்றும் தெரியாத ஒரே சீவன் அவள்தான். “அந்தோனியாரே, வெண்டிட்டம்” என்று சொல்லி, செபமாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

றொனால்ட் கதிரையை விட்டு எழுந்தார். “ஸ்ரீபன், இது முழுசாப் பதிஞ்சதோ?”

“முழுசுதான், சம்மாட்டியார். ஏன், வேற ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?”

றொனால்ட் ஃபாதரைத் திரும்பிப் பார்த்தார். ஃபாதர் குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்வரிசையைப் பார்த்தார். அங்கே ஒருவரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை.

“இல்லை” என்றார் றொனால்ட். “நான் எங்க கேள்விப்படுறது? சத்தியம் பண்ணின ஆள் எல்லோ.”

பின்னாலிருந்து ஒருவன் கை தட்டினான். அவன் தட்டியதும் அடுத்தவன் தட்டினான். தான் மட்டும் தட்டாமல் இருந்தால் பிடிபட்டுப்போவோம் என்ற பயத்தில் கட்டடமே எழுந்து நின்று தட்டியது. யாரோ வெடி கொளுத்தினார்கள். சிவப்பு வரலாற்றில் இப்படியொரு வெற்றியைக் கண்டதில்லை. குழுவைத் திறந்து லிங்கைப் போட்டபோது, பூவரசங்குளத்துக்காரர் வாழ்த்துப் பூக்களாக அனுப்பினார்கள், அவர்களும் சத்தியக்காரர்கள்தானே. பாரிசிலிருந்து ஒருவர் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டார். ஸ்ரீபன் அவரைக் குழுவை விட்டே தூக்கிவிட்டான்.

றொனால்ட் புனிதத்திடம் போனார். “அழாதேங்கோ. வாற ஞாயிறு பூசை முடிய வீட்டை வாங்கோ, நாள் குறிப்பம்” என்றார். பிறகு ஸ்ரீபனின் தோளில் கையைப் போட்டு, ஊர் பார்க்கச் சிரித்தபடி, காதுக்குள் கேட்டார். “டேய், பெனால்ட்டியை எங்க வைச்சிருக்கிறாய்?”

“எந்தப் பெனால்ட்டி, மாமா?” என்றான் ஸ்ரீபன்.