வெற்றுக் குடுவையின் நீலம்

மண்ணே போடாத குடுவையில் நீலம் ஏறியிருந்தது.

பாஸ்பரஸ் இருந்தால்தான் அந்த நீலம் வரும். அவள் குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ச்சி வடித்த நீரையும் சோதனை மருந்தையும் ஊற்றினாள். மறுபடியும் நீலம்.

"என்னடி சுத்தக்காரி, வெறுங்குடுவையிலயே மகசூல் எடுத்துட்டியா?" என்றாள் ஆய்வகத்தின் பக்கத்து மேசைக்காரி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த சோப்புத்தூள் டப்பாவைப் பார்த்தாள். வீட்டிலிருந்து அவளே கொண்டுவந்தது. மக்கிய எருவும் நுண்ணுயிரும் கலந்த மண்ணின் சாறு குடுவையில் பழுப்புக் கறையை விட்டுவிடும். கறை என்றாலே அவளுக்கு ஆகாது. அந்தக் குடுவைகளை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்து வந்தாள். எருவிடாத மண்ணின் குடுவைகளைத் தண்ணீரில் அலசியதோடு சரி. இன்று மண்ணில்லாமல் சோதித்ததும் சோப்புப் போட்ட குடுவைதான். டப்பாவைத் திருப்பிப் படித்தாள். தூளில் பாஸ்பேட் இருந்தது. இரண்டு வருடமாக அவள் அளந்தது மண்ணை அல்ல.

அந்த அளவை நம்பித்தான் அண்ணன் இந்தப் பருவம் நிலம் முழுக்க ரசாயன உரத்தை நிறுத்தியிருந்தான். செம்மண் இறுக்கிப் பிடித்திருக்கும் பாஸ்பரஸை எருவும் நுண்ணுயிரும் விடுவித்துவிடும் என்று சொன்னவள் அவள்தான். சிறு வயதிலிருந்தே அவள் பேச்சை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் அண்ணன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் காட்டாமல் அவள் பொத்தி வைத்திருந்தாள்.

மதியம் அண்ணனே போனில் கூப்பிட்டான்.

"மக்காச்சோளம் முழங்கால் உசரத்துலயே நின்னுடுச்சும்மா. இலை ஓரமெல்லாம் ஊதா. சோளம் போட்டியா கத்திரிக்கா போட்டியான்னு உங்க அண்ணி சிரிக்கிறா. என் தங்கச்சி அளந்து பாக்காம எதுவும் சொல்லமாட்டா, பேசாம இருன்னு அவ வாயை அடைச்சிட்டேன்."

பாஸ்பரஸ் பற்றாத பயிர்தான் அப்படி ஊதாவாகும். பத்து நாள் பொறுத்துப் பார் என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். அவன் நம்புவான் என்பதாலேயே அப்படிச் சொல்ல முடியவில்லை.

"அண்ணே, நான் அளந்ததே தப்பு."

"என்ன தப்பு?"

"குடுவை கழுவின சோப்பு. அதோட பாஸ்பரஸை மண்ணோடதுன்னு நெனச்சிட்டேன்."



"இப்ப உரம் வெச்சா தேறுமா?"

"கொஞ்சம் தேறும். போனது வராதுண்ணே."

"சரி." செருப்புச் சத்தம் கேட்டது, எங்கோ நடந்தான். "இந்தா, அண்ணிகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

போன் கைமாறியது. "என்ன நாத்தனாரே, ஊதா எப்பப் பச்சையாகும்?" அண்ணியின் குரலில் சிரிப்பு இன்னும் இருந்தது.