முதுகுப் படங்கள்

வாணியம்பாடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய போன் விற்கும் உமர் ஃபாரூக், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஐபோனை எடுத்துக் காட்டியதே இல்லை. மலைக்கு ஆண்ட்ராய்டுதான் சரி என்பது அவன் எண்ணம். இரண்டு சிம் போடலாம். ஒரு டவர் போனால் இன்னொன்று கிடைக்கும். சார்ஜ் நிற்கும். கண்ணாடி உடைந்தால் மலையடிவாரத்து ஆலங்காயத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஐபோனும் நல்ல போன்தான், வருஷங்கள் போனாலும் திணறாது. ஆனால் கூட இருக்கிற நாலு பேரிடமும் அது இருந்தால்தான் அதன் அருமை தெரியும் என்பான்.

அதனால் மார்கழி மாதத்தில் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து தசரதன் வந்து, இருப்பதிலேயே பழைய ஐபோன் ஒன்று வேண்டும் என்றபோது உமர் இதையெல்லாம் எடுத்துச் சொன்னான். சாமை விதைத்துப் பிழைக்கும் ஐம்பது வயது மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஐபோனையே வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவருடைய கொழுந்தியாள் காந்தா வந்தாள். அவளுக்கும் அதுதான் வேண்டுமாம். பிறகு அதே ஊரிலிருந்து இன்னும் மூன்று பேர். கேமரா எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. காந்தா சிம்கூட போட்டுக்கொள்ளவில்லை.

தசரதன் சார்ஜர் ஒயர் வாங்க மறுபடி வந்தபோது உமர் கேட்டேவிட்டான்.

"சிம் இல்லாம அத வச்சிகினு இன்னாண்ணா பண்றாங்க?"

தசரதன் ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்தார். "எம் பொண்ணு அதுலதான் வர்றா பாய். ஆண்ட்ராய்டுல வர்றதில்ல."

பிறகு நின்றபடியே சொன்னார். மகள் பூஜா வேலூரில் நர்சிங் படித்தாள். கூடப் படித்தவர்கள் எல்லோரிடமும் ஐபோன். எடுத்த படங்களை நெட் இல்லாமலே, பக்கத்தில் நின்றபடி ஏர்டிராப்பில் அனுப்பிக்கொள்வார்கள். இவளுடைய போனுக்கு மட்டும் அது வராது. அப்பாவோடு சண்டை போட்டுத்தான் ஐபோனுக்கு மாறினாள். ஐப்பசி மழையில் விடுமுறைக்கு வந்தவள், டவர் கிடைக்கிற பாறைவரை போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று ஓடைப் பாதையில் போனாள். அன்று வெள்ளம். தேட வந்தவர்கள் ஓடையின் கீழ்ப்பக்கம் முழுக்க அலசிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்கள்.

கார்த்திகையில் அவள் அத்தை மகன் அருள் பெங்களூரிலிருந்து வந்தான். அவனிடம் ஐபோன் இருந்தது. மத்தியானம், மேகம் இறங்கியிருந்த அதே பாதையில் நடந்தபோது திரையில் ஒரு பெட்டி எழும்பியது. ‘பூஜா ஐபோன்’ ஒரு படத்தைப் பகிர விரும்புகிறது, ஏற்கவா, மறுக்கவா? ஏற்றான். படத்தில் இருந்தது அவனுடைய முதுகு. அப்போது போட்டிருந்த அதே நீலச் சட்டை. சட்டென்று திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. அதன்பின் நான்கு நாள் எதுவும் வரவில்லை.

அதிலிருந்து ஊரார் முறைவைத்து அந்தப் பாதையில் நடக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் வரமாட்டாள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் தடவை பயத்தில் ‘மறு’ என்பதை அழுத்திவிட்ட காந்தா, பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உமர் இதை நம்பவில்லை. யார் வேண்டுமானாலும் தன் போனுக்குப் பூஜா என்று பேர் வைக்கலாம். முப்பது அடிக்குள் ஒளிந்திருந்தால் போதும். துக்கத்தில் இருப்பவரிடம் எவனோ விளையாடுகிறான் என்று கோபம் வந்தது. தை முதல் ஞாயிறன்று, பின்பாக்கெட்டில் தன் ஆண்ட்ராய்டும் கையில் கடை ஐபோனுமாக ஷேர் ஜீப்பில் ஏறினான்.

ஓடைப் பாதையில் மேகம் மரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றது. ஏர்டிராப்பை ‘எல்லோருக்கும்’ என்று திறந்து வைத்தான். பத்து நிமிடம்தான் திறந்திருக்கும். தசரதன் முன்னே, அவன் பின்னே. ஓடையில் தண்ணீர் நூலாக ஓடியது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. பாதை வளைந்து ஏறும் இடத்தில் கையில் போன் அதிர்ந்தது.

பூஜா ஐபோன்.

ஏற்றான். அவன் முதுகு. மடங்கிக் கிடந்த காலர். பின்பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த ஆண்ட்ராய்டு. கழுத்தின் பின்புறம் யாரோ மூச்சு விடுவதுபோல் குளிர்ந்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவும் பயமாக இருந்ததால் படத்தையே விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கவனித்தான். படம் ஆள் உயரத்திலிருந்து எடுத்ததில்லை. முழங்காலுக்கும் கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தது. மேல் ஓரத்தில் வளைந்த கறுப்பு, இடது மூலையில் ஒரு பெரணி இலை. தசரதனின் போனை வாங்கி அதிலிருந்த படங்களைத் தள்ளினான். எல்லாவற்றிலும் அதே கறுப்பு, அதே இலை.

"அண்ணா, நம்ம பின்னாடி நடந்து வர்றவங்க எடுத்ததில்ல இது," என்றான். "ஒரே எடத்துல படுத்துகினு எடுத்தது. திரும்பிப் பாருன்னுதான் அனுப்புறா."

தசரதன் தன் போனை வாங்கிப் பைக்குள் போட்டார். பிறகு திரும்பினார்.

பத்தடி பின்னால், பாதையின் மேல்பக்கத்தில் ஒரு பலகைப் பாறை. அதன் அடியைப் பெரணி மூடியிருந்தது. வெள்ளம் அங்கே மண்ணை அரித்து, பிறகு மணலால் அடைத்திருந்தது. தேடியவர்கள் எல்லோரும் கீழேதான் போனார்கள். தசரதன் மண்டியிட்டு இலையை விலக்கி, தோள்வரை கையை உள்ளே விட்டார். ஒரு செருப்பு வந்தது. அதன்பின் உமரைத் தொடவிடவில்லை. சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்து அவளை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்தது. அதன்பின் யார் போனிலும் பெட்டி எழும்பவில்லை. பங்குனியில் போலீஸ் திருப்பிக் கொடுத்த பூஜாவின் போனைத் தசரதன் கடைக்குக் கொண்டுவந்தார். உமர் திறந்தான். லென்சுக்குள் மணல் இறுகியிருந்தது. பேட்டரி ஊதி வெடித்திருந்தது. போர்டு தொட்டதும் உதிர்ந்தது. வெள்ளத்துக்குப் பிறகு இது ஒரு நிமிடம்கூட ஓடியிருக்க வழியில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"அப்ப எதுலேர்ந்து அனுப்புனா?" என்றார் தசரதன்.

உமர் உதிர்ந்த போர்டைக் காகிதத்தில் கூட்டி மடித்தான். தசரதன் தன் போனில் இருக்கும் பதினான்கு படங்களையும் காகிதத்தில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். உமர் பக்கத்து ஸ்டுடியோவில் போட்டு வாங்கி வந்தான். தசரதன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவருடைய முதுகு.

"இவ்ளோ கூன் வுழுந்துட்சா எனக்கு," என்றார். "வூட்ல யாரும் சொல்லல."

படங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.