கல்லறை மணலில் வந்த கோடு

ஞாயிறு ஆராதனையில் பாதிரியார் பாட்டின் எண்ணைச் சொல்வதற்குள் செமிசி எழுந்து நின்றுவிட்டான். பக்தி ஒன்றும் இல்லை, அரிப்பு. சபைக்கு வரும்போது மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டும் பாய்க்கு மேலே சொறிந்தால் எட்டவில்லை. சபை நடுவே கையை உள்ளே விடவும் முடியவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னால் அடுப்பில் உட்காரச் சொன்ன மாதிரி விழித்தான், பாவம்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. வவாவுத் தீவு வழக்கப்படி கல்லறைமேல் புது வெள்ளை மணலைக் கொட்டி, நாள் முழுக்க அதன்மேலேயே உட்கார்ந்து கூழாங்கல் பதித்தான் செமிசி. அதற்குப் பிறகு பின்புறத்தில் சிவப்பாக ஒரு கோடு கிளம்பியது. வளைந்து வளைந்து, தினமும் கொஞ்சம் நகர்ந்து, தொடைவரை வந்துவிட்டது.

ஊரில் மருத்துவ நிலையம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே நர்ஸ் லுபே, அவனுடைய சித்தப்பா மகள். தங்கை முறையானவள் முன்னால் சட்டையில்லாமல்கூட நிற்காத ஊர் அது. அவளிடம் போய் அந்த இடத்தைக் காட்டுவதைவிடச் செத்துப்போகலாம் என்று மனைவி அனசேனியிடம் சொல்லிவிட்டான்.

கடைசியில், காலில் ஏதோ கோடு என்று மழுப்பி அத்தை லோசெலியிடம் யோசனை கேட்டான். அப்பாவின் தங்கை அவள். அவள் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. கல்லறை ஓரத்து மரத்தின் வேர் உன் அப்பாவின் எலும்பில் ஏறிவிட்டது, அவர் கோபமாக இருக்கிறார், அதுதான் உன் காலில் கோடாக வருகிறது, சனிக்கிழமை கல்லறையைத் திறந்து வேரை வெட்டுவோம் என்று அவள் முடிவு சொல்லிவிட்டாள்.

செமிசிக்கு அரிப்பைவிட இதுதான் வலித்தது. அப்பாவின் சாவு விருந்துக்குப் பெரிய பன்றியை ஒளித்துவைத்துவிட்டுக் குட்டிப் பன்றியை அறுத்தவன் அவன். அந்தக் கஞ்சத்தனத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று தேம்பினான். அப்பாவை எலும்பாகப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

அனசேனிக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை லுபேயிடம் ஓடினாள். அண்ணன் உடம்பைப் பற்றித் தங்கையிடம் பேசக் கூடாதே. அதனால் "ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்து, தன் முழங்கையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அந்த ஒருவர் யாரென்று லுபேக்குப் புரிந்துவிட்டது. மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஒருத்தர் நாய் படுக்கிற மணல்ல உட்கார்ந்தாரா?"

அனசேனி தலையில் கைவைத்தாள். கல்லறைக்கென்று கொண்டுவந்த மணல் மழைக்காலம் முழுக்க முற்றத்தில்தான் குவிந்து கிடந்தது. ஊர் நாய்களுக்கு அதுதான் படுக்கை, அதுதான் கக்கூஸ். நாயின் மலத்திலிருந்து வரும் குட்டிப் புழு தோலுக்குள் புகுந்து, வெளியேற வழி தெரியாமல் ஊர்கிறது, மாத்திரை போட்டால் செத்துவிடும் என்றாள் லுபே.

சனிக்கிழமை காலை கல்லறை அருகே மண்வெட்டிகள் தயாராக இருந்தன. அனசேனி சொல்லி விஷயம் தெரிந்த லுபே மூச்சிரைக்க வந்து நின்றாள். அவளைக் கண்டதும் செமிசி மரத்தின் பின்னால் போய்விட்டான். அவள் சொன்னதை அத்தை நம்பவில்லை. நாய்ப் புழுவுக்கு மனுஷன் தோலில் என்ன வேலை என்று அதட்டினாள். இந்த மணலில் வெறுங்காலோடு வேறு யாரெல்லாம் நின்றீர்கள் என்று மட்டும் லுபே கேட்டாள்.

அத்தை தன் காலைப் பார்த்தாள். பிறகு பாவாடையைக் கணுக்கால்வரை உயர்த்தினாள். பாதத்தில் அதே சிவப்புக் கோடு.

"எனக்கும் இருக்கு. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எங்கண்ணன் உயிரோட இருந்தவரைக்கும் என்கிட்ட ஒரு சத்தம் போட்டதில்ல. கூடப்பிறந்தவ காலையா வந்து பிராண்டப்போறாரு? மண்வெட்டியக் கீழ போடுங்கடா."

மரத்துக்குப் பின்னாலிருந்து செமிசி அழுகிற சத்தம் கேட்டது. அப்பா கோபமாக இல்லை என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. மாத்திரையை அனசேனிதான் வாங்கிவந்து கொடுத்தாள். சில நாளில் அரிப்பு அடங்கி, கோடும் மங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தை லோசெலி வாசலை மறித்து நின்றாள். அன்று யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை.

"நல்லாக் கேட்டுக்குங்க. நாய் வளர்க்கிறவங்க நாய்க்கும் பூச்சி மருந்து குடுங்க. மணலுக்கு மூடி போடுங்க, பாய் விரிச்சு உட்காருங்க. உடம்புக்கு முடியலன்னா எந்த இடமா இருந்தாலும் வெட்கப்படாம மருந்துக்குப் போங்க. நம்ம முற்றத்த நாம சுத்தமா வைக்காம, பாவம், செத்தவரப் போயி குத்தம் சொன்னோமே."