நூற்றுப் பதினேழு தவளைகளின் மூச்சு

ஃபோல்கெர்ட் யான்சென் மூச்சு விடுவதை நிறுத்தியது ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டே காலுக்கு. அதே பன்னிரண்டே காலுக்கு அவன் வீட்டுக் கொல்லைக் குளத்துத் தவளைகள் அவனுக்காக மூச்சு விட ஆரம்பித்தன. இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட வந்த டாக்டர், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார். தவளைகள் வாயின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பைகளை ஊதிக் கத்தியபோது கட்டிலில் கிடந்தவனின் நெஞ்சு எழுந்தது. கத்தல் ஓய்ந்தபோது அமர்ந்தது. இருபது நிமிடம் பார்த்தார். பிறகு அவன் மனைவி கேஷேயிடம், "இப்போதைக்கு எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். ஜெர்மனியின் வடகோடியில், கடலை விடத் தாழ்ந்து கிடக்கும் எங்கள் ஊரில் மூன்று கோப்பை டீ குடிக்காமல் யாரும் ஒரு வீட்டைவிட்டு எழுந்திருப்பதில்லை. அவரும் மூன்றையும் குடித்துவிட்டே போனார்.

ஃபோல்கெர்ட்டின் நுரையீரல் போனதில் எங்கள் தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. முப்பது வருடம் கப்பல் கட்டும் இடத்தில் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கல்நார் சுற்றியவன். அவனோடு சுற்றிய எட்டுப் பேரில் ஆறு பேர் ஏற்கெனவே தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் இருந்தார்கள். குளம் கேஷேயுடையது. தங்கமீன் வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டுக் குழி வெட்டி, கறுப்பு ரப்பர் விரித்துத் தண்ணீர் நிரப்பினாள். மீன் வாங்குவதற்குள், பின்புறத்து வாய்க்காலிலிருந்து தவளைகள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தீனி போடவில்லை. முதல் வருடம் நாற்பத்து மூன்று இருந்தன.

மூன்றாம் நாள் ஃபோல்கெர்ட் கண்ணைத் திறந்து டீ கேட்டான். தவளை கத்தினால்தான் அவனால் பேச முடியும், அவை நிறுத்தினால் வார்த்தை பாதியில் நிற்கும். ஒருமுறை என்னிடம் "உன் மூஞ்சி" என்று ஆரம்பித்தான். ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்துத் தவளைகள் முனகலாக அடங்கிவிட, மீதியைக் கேட்க நான் கால்மணி நேரம் காத்திருந்தேன். கேட்காமலே போயிருக்கலாம். ஆனால் நாரை வந்து இறங்கும் நாட்களில் இந்தச் சிரிப்பெல்லாம் கிடையாது. அதன் நிழல் பட்டதும் அத்தனையும் தண்ணீருக்குள் குதித்து மூச்சடக்கும். உள்ளே ஃபோல்கெர்ட்டின் உதடு நீலமாகும். ஆகவே கேஷே குளத்தங்கரையில் நாற்காலி போட்டு, மடியில் விளக்குமாற்றோடு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது முட்டையிட்டது, எதற்குப் பின்கால் ஊனம், எது சோம்பேறி என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அக்டோபரில் அவை சேற்றுக்குள் போனதும் அவன் தோல் வெளுத்து ஈரமாகிவிடும். நெஞ்சு அசையாது. தோலாலேயே மூச்சு விடுவான். அவள் ஜன்னலைத் திறந்து வைத்து, மூன்று மணிக்கொருதரம் குளத்துத் தண்ணீரால் அவன் உடம்பைத் துடைத்து, ஏப்ரல் கடைசிவரை ஒரு சொல் இல்லாத அந்த மனிதனோடு குடித்தனம் நடத்தினாள். மூன்று வருடம் இப்படியே போனது.

வருடத்துக்கு வருடம் அவனுக்குக் காற்று அதிகம் தேவைப்பட்டது, வருடத்துக்கு வருடம் தவளைகளும் பெருகின. நான்காம் கோடையில் நூற்றுப் பதினேழு. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு பேக்கரிக்கார ஒன்னோவுடையது. கேஷேயோடு ஒரே வகுப்பில் படித்தவன், நல்லவன். மாலை ஆறுக்குப் படுத்து, ஊர் தூங்கும்போது எழுந்து எங்களுக்கு ரொட்டி சுடுகிறவன். அந்த ஆறு மணிக்குத்தான் நூற்றுப் பதினேழும் முழுத் தொண்டையில் ஆரம்பிக்கும். மூன்று கோடை பல்லைக் கடித்துக்கொண்டான். நான்காவதில் மாவு பிசையும் இயந்திரத்தருகே நின்றபடியே கண்ணயர்ந்தான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கையில் கட்டோடு வேலியோரம் வந்து நின்றான்.

"கேஷே, நான் சாகட்டுமா, உன் புருஷன் சாகட்டுமா? நீயே சொல்லிடு."

"ஒருத்தரும் சாக வேணாம்டா. காதுல பஞ்சு வச்சுக்கோயேன்."

"பஞ்சு வச்சாச்சு, மெழுகு வச்சாச்சு, ரெண்டு தலையணைக்கு நடுவுல தலையை வச்சும் பாத்தாச்சு. மண்டைக்குள்ளயே குளம் வெட்டிட்ட மாதிரி இருக்கு. மூணு வருஷமா நான் தூங்கலைடி!"

ஜன்னலுக்குள்ளிருந்து ஃபோல்கெர்ட், "அவன்... சொல்றதுலயும்... நியாயம் இருக்கு" என்றான். கேஷே அவன் பக்கம் திரும்பி, "நீ வாயை மூடு, இருக்கிற மூச்சை வீணாக்காத" என்று எரிந்து விழுந்தாள். ஒன்னோ வழக்குப் போட்டான்.

எங்கள் நாட்டில் தவளைச் சத்தத்துக்கு வழக்குப் போடுவது புதிதல்ல. நீதிபதியம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நேரில் வந்தார். சத்தம் அளக்கும் கருவியை ஒன்னோவின் கட்டிலில் வைத்து அளந்தார். ஃபோல்கெர்ட்டையும் பார்த்தார், கைகூடக் குலுக்கினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மூன்று வாரத்தில் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தவளைகளைக் கேஷே வாங்கி வளர்த்திருந்தால் அவை அவள் உடைமை. கணவனின் உயிருக்கு வேண்டியவை என்று வாதாட இடமிருந்திருக்கும். ஆனால் தாமாக வந்த காட்டுத் தவளைக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆகவே அவை விடும் மூச்சின்மேலும் யாரும் உரிமை கோர முடியாது. அவற்றைக் கொல்லக் கூடாது, காயப்படுத்தக் கூடாது. முட்டைக் காலம் முடிந்தபின், இயற்கைப் பாதுகாப்பு அலுவலக அனுமதியோடு, ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய களிமண் குட்டைக்கு மாற்றலாம். கேஷே தீர்ப்பைப் படித்துவிட்டு நான்காக மடித்தாள். "ஒரு தவளையையாவது காசு கொடுத்து வாங்கியிருக்கலாமே, பாவி நான்" என்று அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் அலுவலகத்து ஆட்கள் இருவர் வலையும் வாளிகளுமாக வந்தார்கள். வாளியை மூடாமல் கொண்டுபோகச் சொல்லிக் கேஷே கெஞ்சினாள். மூடிபோட வேண்டும் என்பது விதி, ஓட்டை இருக்கிறது, கால்மணி நேரத்தில் குட்டையில் விட்டுவிடுவோம், விட்டதும் கத்தும் என்றார்கள். இருட்டு வாளிக்குள் எந்தத் தவளையும் வாயைத் திறக்கவில்லை. நடுவழியில் கால்வாய்ப் பாலத்தை ஒரு பாய்மரப் படகுக்காகத் தூக்கியிருந்தார்கள், படகுக்காரர் நிதானமானவர். அந்த ஆட்களில் ஒருவர் தொலைபேசியை வாளியின் ஓட்டையில் பிடித்தார், இந்தப் பக்கம் கேஷே தன் தொலைபேசியைக் கணவனின் நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் ஆறு வாரம் போயிருந்தால் தோல் மூச்சுக்கு மாறித் தப்பித்திருப்பான். இந்த முறை டாக்டர் பேனாவைத் திறந்தார். "நான் தவளையைத்தானே போகச் சொன்னேன்" என்று ஒன்னோ அடக்கத்தன்று எல்லோரிடமும் சொன்னான், சவப்பெட்டி செய்தவரிடம்கூடச் சொன்னான்.

களிமண் குட்டைக்குப் போன தவளைகள் ஏப்ரலில் திரும்பி வந்தன. இரண்டு வாய்க்காலும் ஒரு ரயில் பாதையும் மாவட்டச் சாலையும் தாண்டி நடந்தே வந்தன. சாலையில் கொஞ்சம் நசுங்கின. தொண்ணூற்று நான்கு வந்து சேர்ந்தன. மே மாதம் ஒன்பதாம் தேதி வெயில் ஏறியதும் கத்தத் தொடங்கின. கேஷே சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைப் போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து ஒன்னோ எழுந்து, கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். ஃபோல்கெர்ட்டின் மேலிருந்த மண் மெல்ல எழுந்து எழுந்து அமர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் நட்டிருந்த பூச்செடிகள் சாய்ந்து நிமிர்ந்தன.

ஒன்னோ மண்வெட்டியை ஊன்றினான். கல்லறைத் தோட்டத்துக் காவலர் வந்து கையைப் பிடித்தார். இருபத்தைந்து வருடத்துக்குக் குழியைத் திறக்கக் கூடாது. திறப்பதானால் நகராட்சிக்கு எழுத வேண்டும். மண் அசைவது அவர்கள் பட்டியலில் காரணமாக இல்லை. "இருபத்தஞ்சு வருஷமா? உள்ள ஆளு மூச்சு விடறான்யா!" என்று ஒன்னோ கத்தினான். கேஷே இருவரையும் கையமர்த்திவிட்டு மண்ணில் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். ஒன்னோவும் மறுபக்கம் படுத்துக் காதை வைத்தான். வெகுநேரம் அப்படியே கிடந்தார்கள். பிறகு அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"ஏதாவது சொன்னானா?" என்று காவலர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை. தூங்கறான். தோண்டி எழுப்ப வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அவள் வீட்டுக்குப் போய் குளத்தங்கரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்னோ வழக்கை மறுபடி எடுக்கவில்லை. படுக்கையைக் கடைக்கு மேலே இருக்கும் மாவு அறைக்கு மாற்றிக்கொண்டான். மூன்று வருடம் கழித்து, ஒரு திருமணத்தில் அளவுக்கு மீறிக் குடித்தபோதுதான் எங்களிடம் சொன்னான். மண்ணுக்குள்ளிருந்து ஃபோல்கெர்ட், தவளைக் கத்தலுக்கு ஒரு வார்த்தையாக, தெளிவாகப் பேசினானாம். "கேஷே... போதும்... விட்டுடு." மூன்று தடவை சொன்னானாம். அவள் ஒவ்வொரு தடவையும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாளாம்.

எங்களில் யாரும் இதை அவளிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம். மே முதல் செப்டம்பர்வரை அந்தக் கல்லறையில் மண் எழுந்து அமர்கிறது. தோட்டக்காரர் அதன்மேல் பூச்செடி நடுவதை விட்டுப் புல் விதைத்துவிட்டார், புல் தாங்குகிறது. கேஷேவுக்கு எழுபத்தாறு ஆகிறது, முழங்கால் மடங்குவதில்லை. காலையில் அவளுக்கு ரொட்டி கொண்டுபோகும்போது ஒன்னோதான் நாற்காலியை எடுத்துப் போடுகிறான். இந்த வருடம் தவளைகள் நூற்று முப்பதைத் தாண்டிவிட்டன.